செராமைடு படலம் செய்ய குளோரோஃபார்ம் இல்லாமல் வழி உண்டா?

மென்படலம் | திங்கள், இரவு 9:52

வணக்கம். சிங்கப்பூரில் ஒன்-நார்த் பக்கம் ஒரு சிறிய ஆய்வகத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறேன். தோலின் மேலடுக்கில் இருக்கும் கொழுப்புப் பூச்சை மட்டும் தனியாகச் செய்து, அதன் வழியே மருந்து எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளப்பதுதான் வேலை. செராமைடு என்ற தோல் கொழுப்பு, கொலஸ்ட்ரால், லிக்னோசெரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மூன்றும் சம மோல், அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில் சமம். அதோடு கொஞ்சம் கொலஸ்ட்ரால் சல்ஃபேட். குளோரோஃபார்மும் மெத்தனாலும் 2:1 கலந்து, அதில் கரைத்து, பாலிகார்பனேட் ஃபில்டர் மேல் நைட்ரஜன் அழுத்தத்தில் ஏர்பிரஷ்ஷால் தெளிக்கிறோம். தானியங்கித் தெளிப்பான் வாங்கப் பணம் இல்லை.

இரண்டு பிரச்சினை. முதலாவது, தெளிக்கும் ஸ்டாண்டு உயரம் என்பதால் ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சும் அலமாரி) கண்ணாடியைப் பாதிக்கு மேல் தூக்கி வைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மதியம் முழுக்கத் தெளித்த நாளில் பூவன விஸ்தா ரயில் நிலையத்துக்கு நடக்கும்போதே தலை கனக்கிறது. அந்த இனிப்பு வாசனை சட்டையில் வீடுவரை வருகிறது.

இரண்டாவது, படலம் சரியாக வரவில்லை. வெள்ளை வளையம் வளையமாகப் படிகிறது. ஃபில்டரின் ஓரம் சுருளுகிறது. ஒரே நாளில் செய்த ஆறு படலத்தில் தியோஃபிலின் (சோதனைக்கு எடுக்கும் மருந்து) ஊடுருவும் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இல்லை.

அடுத்த மாதம் பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து ஒரு மாணவி பயிற்சிக்கு வருகிறாள். 19 வயது. அவளுக்குத் தரப்போவது இந்தத் தெளிக்கும் வேலைதான். அந்தப் பிள்ளையை இந்த ஆவிக்கு முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மேலதிகாரியிடம் கேட்டால், கட்டுரைகளில் எல்லாரும் குளோரோஃபார்ம்தானே பயன்படுத்துகிறார்கள் என்கிறார். வேறு கரைப்பானில் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூரோங்_ரசாயனி | திங்கள், இரவு 10:31

தம்பி, வேறு கரைப்பானைப் பற்றி அப்புறம் பேசலாம். நாளைக்குக் காலையில் தெளிக்காதீர்கள். அதுதான் முதல் வேலை.

நான் பூச்சுத் தொழிற்சாலையில் இருபது வருடம் கரைப்பான்களோடு இருந்தவன். இப்போது வேலையிடப் பாதுகாப்பு பார்க்கிறேன். வாசனை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. எட்டு மணி நேர வேலைக்கு ஏசிஜிஐஹெச் என்ற அமெரிக்க வேலையிடச் சுகாதார அமைப்பு வைத்திருக்கும் குளோரோஃபார்ம் வரம்பு 10 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு. மனித மூக்கு அதைப் பல மடங்கு தாண்டிய பிறகுதான் கண்டுபிடிக்கும். அதாவது உங்களுக்கு வாசனை தெரிகிற நேரத்தில் வரம்பு எப்போதோ போய்விட்டது. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தொடுகிற பொருள் அது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பிரிவில் வைத்திருக்கிறது.

ஊதா நிற நைட்ரைல் கையுறை போட்டிருப்பீர்கள். குளோரோஃபார்முக்கு அது சில நிமிடம்கூடத் தாங்காது. ஓட்டை விழாது, கிழியாது, பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஆவி உள்ளே போய்த் தோலில் உட்கார்ந்துவிடும். பல அடுக்கு லேமினேட் கையுறையை உள்ளே போட்டு, பிடிமானத்துக்கு மேலே நைட்ரைல் போடுங்கள். பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கையுறையும் தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் அதுவே கரைந்துவிடும்.

பாட்டிலையும் பாருங்கள். ஒளியும் காற்றும் பட்டால் குளோரோஃபார்மிலிருந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். அதைத் தடுக்க எத்தனாலோ அமிலீனோ சேர்த்திருப்பார்கள். திறந்து பல மாதம் ஆன பாட்டிலாக இருந்தால் தொடவே வேண்டாம்.

ஹூட் கண்ணாடியைத் தூக்கி வைத்தால் அது ஹூட்டே இல்லை. ஸ்டாண்டின் காலை அறுத்துக் குட்டையாக்குங்கள். பட்டறையில் அரை மணி நேர வேலை.

கிளமெண்டி_வாசி | திங்கள், இரவு 11:08

நான் முனைவர் பட்ட மாணவன், ஆனால் தோல் என் துறை இல்லை. கரிமத் தொகுப்பில் நாங்கள் 2-மெத்தில் டிஎச்எஃப் (மெத்தில் டெட்ராஹைட்ரோஃபியூரான்) என்ற கரைப்பான் பக்கம் போய்விட்டோம். கரும்புச் சக்கை, சோளத்தட்டை போன்ற பயிர்க் கழிவிலிருந்து கிடைக்கும் ஃபர்ஃபியூராலிலிருந்து செய்வது. 80 டிகிரியில் கொதிக்கும். மருந்தில் மிஞ்சும் கரைப்பானுக்கான ஐசிஹெச் என்ற பன்னாட்டு மருந்துத் தர அமைப்பின் வழிகாட்டியில் மூன்றாம் வகுப்பு, அதாவது ஆபத்துக் குறைந்த வகுப்பு. எத்தில் அசிடேட்டும் அதே வகுப்புதான். இரண்டில் எதையாவது போட்டுப் பாருங்களேன் அண்ணா.

அதுவும் முடியாவிட்டால் டைக்ளோரோமீத்தேன். குளோரோஃபார்மை விடக் கொஞ்சம் பரவாயில்லை என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் சொல்வார்கள்.

செராமைடு_அக்கா | செவ்வாய், காலை 7:15

ரயிலில் வரும்போது படித்தேன். இறங்கியதும் ஓரமாக நின்று எழுதுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன மூன்றில் எதைப் போட்டாலும் உங்கள் படலம் சரியாக வராது.

தம்பி, உங்கள் ஃபில்டர் பாலிகார்பனேட். அது குளோரோஃபார்மில் கரையும். ஓரம் சுருளுகிறது என்று நீங்கள் எழுதியதற்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். தெளித்த துளி காய்வதற்குள் ஃபில்டரின் மேல்தோலை அரித்துவிடுகிறது. துளைகள் சில மூடிக்கொள்கின்றன, சில அகன்றுவிடுகின்றன. கரைந்த பிளாஸ்டிக் உங்கள் செராமைடோடு கலந்து காய்கிறது. நீங்கள் அளந்த ஊடுருவலில் எவ்வளவு கொழுப்புடையது, எவ்வளவு கெட்டுப்போன ஃபில்டருடையது என்று இனிமேல் யாராலும் பிரிக்க முடியாது.

டைக்ளோரோமீத்தேனும் பாலிகார்பனேட்டைக் கரைக்கும். டிஎச்எஃப் குடும்பமும் எத்தில் அசிடேட்டும் அதை ஊத வைக்கும், விரிசல் விட வைக்கும். அதோடு, டைக்ளோரோமீத்தேன் பரவாயில்லை என்ற பேச்சை நாம் விட்டுவிட வேண்டும். புற்றுநோய் முகமையின் பட்டியலில் அது 2ஏ, குளோரோஃபார்மை விட ஒரு படி மேலே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது. ஆய்வகங்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் எட்டு மணி நேரச் சராசரி 2 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. 40 டிகிரியில் கொதிக்கிற பொருளை நம் ஊர் ஈரக் காற்றில் தெளித்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, அதன் மேல் பனித்துளி மாதிரித் தண்ணீர் படியும். அந்தத் துளி இருந்த இடமெல்லாம் படலத்தில் குழியாகிவிடும்.

கட்டுரைகளில் எல்லாரும் குளோரோஃபார்ம் என்ற உங்கள் மேலதிகாரியின் பேச்சுக்கு வருகிறேன். இது எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற ஆதங்கம். குளோரோஃபார்ம்–மெத்தனால் 2:1 என்பது 1957இல் ஃபோல்ச்சும் அவருடன் இருந்தவர்களும் விலங்குத் திசுவிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுக்க எழுதிய முறை. ஈரமான திசு. உள்ளே புரதம், உப்பு, தண்ணீர் எல்லாம் இருக்கும். அதிலிருந்து கொழுப்பை மட்டும் இழுக்க வேண்டும், கடைசியில் தண்ணீர் ஒரு அடுக்காகவும் கொழுப்பு ஒரு அடுக்காகவும் பிரிய வேண்டும். அதற்கு அந்தக் கலவை அருமையாகப் பொருந்தியது. நம் வேலை அது இல்லையே! நம்மிடம் இருப்பது பாட்டிலில் வந்த உலர்ந்த தூள். பிரித்தெடுக்க ஒன்றுமே இல்லை. கரைத்து, பரப்பி, காயவைக்க வேண்டும். அவ்வளவுதான். திசுவுக்கு எழுதிய செய்முறையைத் தூளுக்கும் அப்படியே எடுத்துக்கொண்டோம். பிரித்தெடுப்புக்கே 1978இல் ஹாராவும் ராடினும் நச்சுக் குறைந்த மாற்று என்று ஹெக்சேன்–ஐசோபுரொப்பனால் 3:2 கலவையை எழுதிவிட்டார்கள்.

தோல் படலம் செய்கிறவர்களிலும் எல்லாரும் குளோரோஃபார்ம் என்பது உண்மை இல்லை. செக் நாட்டில் ஹ்ராடெட்ஸ் கிராலோவே குழு ஹெக்சேனும் 96 சதவீத எத்தனாலும் 2:1 கலந்து, பாலிகார்பனேட் மேலேயே தெளித்துப் பல வருடமாகச் செய்கிறது. ஆல்கஹாலும் ஹெக்சேன் போன்ற நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பனும் பாலிகார்பனேட்டை ஒன்றும் செய்யாது. ஃபில்டரையும் கரைப்பானையும் ஜோடியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் கொழுப்பே இல்லாமல் வெறும் கரைப்பானை ஒரு சொட்டு ஃபில்டரில் விட்டுப் பாருங்கள். ஹூட்டுக்குள், கண்ணாடியை இறக்கிவிட்டு.

மென்படலம் | செவ்வாய், மாலை 6:40

அக்கா, பார்த்துவிட்டேன்.

ஸ்டாண்டை எடுத்துவிட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கி, கை மட்டும் உள்ளே போகும் இடைவெளியில் செய்தேன். ஒரு கண்ணாடித் தட்டில் இரண்டு புது ஃபில்டர். இடது பக்கம் குளோரோஃபார்ம் ஒரு சொட்டு, வலது பக்கம் ஹெக்சேன்–எத்தனால் ஒரு சொட்டு. வலது பக்கம் ஈரமாகி, ஒரு நிமிடத்துக்குள் காய்ந்து, முன்பு இருந்த மாதிரியே பளபளப்பாகப் படுத்துக் கிடந்தது. இடது பக்கம் சொட்டு விழுந்த உடனே அந்த இடம் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. அப்புறம் அப்பளம் எண்ணெயில் விழுந்ததுபோல் நடுவில் சுருங்கி ஓரம் எழும்பியது. காய்ந்த பிறகு பார்த்தால் சொட்டின் விளிம்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம். அதே வளையம்! கொழுப்பு ஒரு துளிகூட இல்லை, அக்கா.

எட்டு மாதமாக அந்த வளையத்தைச் செராமைடு பிரிந்து படிகிறது என்று நினைத்து, செராமைடு விகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை புதுத் தூளே வாங்கினோம். 

படம் எடுத்து மேலதிகாரிக்குக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். நாளையிலிருந்து ஹெக்சேன் என்று சொல்லிவிட்டார்.

ஜூரோங்_ரசாயனி | செவ்வாய், இரவு 8:05

சந்தோஷம். ஆனால் ஹெக்சேனில் போய் நின்றுவிடாதீர்கள்.

அது உடம்புக்குள் போய் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாறுகிறது. அது நீண்ட நரம்புகளைத்தான் முதலில் பிடிக்கும். கால் விரலில் மதமதப்பு, கையில் பிடிமானம் குறைவது, படி ஏறும்போது தடுமாற்றம் என்று மெல்ல மேலே ஏறும். ஜப்பானில் 1960களில் வீட்டிலேயே செருப்பு ஒட்டும் வேலை செய்தவர்களுக்குப் பசையிலிருந்த ஹெக்சேனால் இப்படி ஆனது. வேலையை நிறுத்திய பிறகும் சில காலம் கூடிக்கொண்டே போய், அப்புறம்தான் குறையத் தொடங்கும். அதுதான் கொடுமை.

ஒரு கார்பன் கூட்டி ஹெப்டேனுக்குப் போனால் இந்த நரம்புத் தொல்லை பெருமளவு போய்விடுகிறது. ஐசிஹெச் பட்டியலில் ஹெக்சேன் இரண்டாம் வகுப்பு, மருந்தில் மிஞ்ச 290 பிபிஎம் வரம்பு. ஹெப்டேன் மூன்றாம் வகுப்பு, எத்தனாலோடு ஒரே வரிசை. எங்கள் பூச்சு வேலையில் மாற்றியபோது உலர்நேரம் கூடியது ஒன்றுதான் குறை.

தீ மட்டும் இரண்டுக்கும் பொது. ஹெக்சேனின் தீப்பற்று நிலை மைனஸ் 22 டிகிரி, ஹெப்டேனுக்கு மைனஸ் 4. நம் அறை வெப்பநிலைக்கு இரண்டுமே எரியத் தயாராக நிற்கிற ஆவிதான். குளோரோஃபார்ம் எரியாது என்பதால் உங்கள் கைக்குத் தீ பற்றிய பயம் பழகியிருக்காது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். நைட்ரஜனில் தெளிப்பது நல்லது, அதைக் காற்றுக்கு மாற்றிவிடாதீர்கள். உலோக ஏர்பிரஷ்ஷை எர்த் செய்யுங்கள், ஹெப்டேன் மின்சாரம் கடத்தாது, தெளிக்கும்போது நிலைமின்னூட்டம் ஏறும். ஹூட்டுக்குள் இருக்கும் ஹாட் பிளேட்டை வெளியே எடுங்கள். பாட்டில்களை வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். எரியக்கூடிய பொருளை எவ்வளவு வைக்கலாம் என்பதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் அளவுகள் உண்டு, உங்கள் கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள்.

கழிவுப்பீப்பாய் | செவ்வாய், இரவு 9:20

ஆய்வகங்களிலிருந்து ரசாயனக் கழிவு எடுக்கும் வண்டியில் வேலை செய்தவன். ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்.

மாறும் காலத்தில்தான் விபத்து நடக்கும். பழைய பீப்பாயில் குளோரோஃபார்ம் பாதி இருக்கும், புதுக் கழிவையும் அதிலேயே ஊற்றிவிடுவார்கள். செய்யாதீர்கள். குளோரின் உள்ள கழிவு தனி, இல்லாதது தனி. சேர்த்துவிட்டால் மொத்தமும் குளோரின் கழிவாகிவிடும், எரிக்கும்போது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும், செலவும் கூடும். அதைவிட முக்கியம், கழுவின அசிட்டோனைக் குளோரோஃபார்ம் பீப்பாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள். உள்ளே கொஞ்சம் காரப்பொருள் (ஆல்கலி) இருந்தால் போதும், சூடாகிப் பீப்பாய் வெடிக்கும். ஒரு ஆய்வகத்தில் மூடி உப்பி, தொட்டால் சுடுகிற பீப்பாயை என் கையாலேயே தொட்டுப் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். அன்றைக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டோம்.

எடுத்துச் செல்பவர் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் உள்ள நச்சுக் கழிவுச் சேகரிப்பாளராக இருக்க வேண்டும். பீப்பாய் மேல் என்ன, எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். வெறுமே 'ஆர்கானிக்' என்று எழுதாதீர்கள், தூக்குகிறவனும் மனிதன்.

கிளமெண்டி_வாசி | செவ்வாய், இரவு 10:44

டைக்ளோரோமீத்தேன் சொன்னது என் தவறு. 2ஏ என்பதே எனக்குத் தெரியாது. இன்றைக்கு எங்கள் ஆய்வகக் குழுவில் எழுதிவிட்டேன்.

ஒரு கேள்வி, அக்கா. தெளித்த பிறகு எப்படியும் 80, 90 டிகிரிக்குச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுகிறார்களாமே. அப்படியானால் எந்தக் கரைப்பானில் வந்தால் என்ன? உருகி எல்லாம் ஒன்றாகிவிடாதா?

செராமைடு_அக்கா | புதன், அதிகாலை 5:50

நல்ல கேள்வி தம்பி. பாதி ஆகும், பாதி ஆகாது.

சூடாக்கும்போது கொழுப்புச் சங்கிலிகள் நெகிழ்ந்து, ஆறும்போது ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் சூடாக்குகிறோம். ஆனால் காயும்போதே கொலஸ்ட்ரால் ஒரு பக்கம், செராமைடு ஒரு பக்கம் என்று பெரிய படிகமாகப் பிரிந்துவிட்டால், பத்து நிமிடச் சூடு அதை முழுக்கக் கலக்காது. கொலஸ்ட்ரால் தனியாக உருக 148 டிகிரி வேண்டும். பக்கத்தில் செராமைடும் அமிலமும் நெருங்கிக் கலந்திருந்தால்தான் 80, 90இல் ஒன்றாக இளகும். அதனால் எந்த வரிசையில் காய்கிறது என்பது முக்கியம்.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஹெக்சேனும் எத்தனாலும் சேர்ந்து 58.7 டிகிரியில் கொதிக்கிற ஒரு அஸியோட்ரோப், அதாவது விகிதம் மாறாமல் ஆவியாகும் கலவை, உண்டு. அதில் எடைக்கணக்கில் எத்தனால் 21 சதவீதம். நீங்கள் 2:1 கன அளவில் கலந்தால் எத்தனால் எடையில் ஏறத்தாழ 38 சதவீதம் வரும். ஆவியாகும்போது ஹெக்சேன்தான் அதிகமாகப் போகும். கடைசியில் மிஞ்சுவது எத்தனால். 96 சதவீத எத்தனால் என்றால் அதிலிருக்கும் தண்ணீரும் மிஞ்சும். நீளச் சங்கிலிச் செராமைடுக்குக் குளிர்ந்த எத்தனால் பிடிக்காது, அது முதலில் விழும்.

ஹெப்டேனில் கதை மாறுகிறது. ஹெப்டேன்–எத்தனால் அஸியோட்ரோப் 71, 72 டிகிரியில் கொதிக்கும், அதில் எத்தனால் பாதிக்குப் பாதி. அறை வெப்பநிலையில் எத்தனால் பங்கு அதைவிடக் குறையும். அதாவது 2:1 ஹெப்டேன்–எத்தனால் கலவை, கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் ஆவியாகிக்கொண்டே போகும். கடைசிச் சொட்டுவரை கரைப்பானின் குணம் பெரிதாக மாறாது. பாதுகாப்புக்காகச் செய்கிற மாற்றம் படலத்துக்கும் நல்லதாக அமைகிறது. இப்படி எப்போதும் வாய்க்காது.

ஆனால் சில கவனம். ஹெப்டேனோடு 96 சதவீத எத்தனால் வேண்டாம், தண்ணீரில்லாத எத்தனால் எடுங்கள். தண்ணீர் இருந்தால் இரண்டு அடுக்காகப் பிரியும் அபாயம் ஹெக்சேனை விட இதில் அதிகம். டீனேச்சர் செய்த (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த) எத்தனால் வேண்டவே வேண்டாம், அதில் சேர்த்திருக்கும் பொருள் படலத்தில் தங்கும். கொலஸ்ட்ரால் சல்ஃபேட்டை நேரே ஹெப்டேனில் போட்டால் கட்டியாக அடியில் கிடக்கும். முதலில் எத்தனாலில் இளஞ்சூட்டில் கரைத்து, அப்புறம் ஹெப்டேனைச் சேருங்கள். கரைசலை 40 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். ஊசியும் சூடாக இருக்க வேண்டும், ஏசி அறையில் ஊசி முனையில்தான் முதலில் அடைக்கும்.

மென்படலம் | புதன், காலை 8:02

அச்சு எடுத்து மேசைமேல் ஒட்டிவிட்டேன். செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

வெஸ்ட்_கோஸ்ட்_அப்பா | வியாழன், இரவு 7:30

மன்னிக்கவும், எனக்கு வேதியியல் தெரியாது. என் மகளும் இந்த மாதிரிப் பயிற்சிக்குத்தான் போகிறாள், வேறு ஆய்வகம். வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று படுத்துவிடுகிறாள். அவள் எதைக் கேட்க வேண்டும்? கேட்டால் மதிப்பெண் குறைப்பார்களோ என்று பயப்படுகிறாள்.

ஜூரோங்_ரசாயனி | வியாழன், இரவு 8:11

அண்ணே, இதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது. அவளிடம் சொல்லுங்கள், மூன்று கேள்வி கேட்கலாம். நான் தொடும் பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாள் எங்கே? இந்த ஹூட்டைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? என் கையுறை இந்தப் பொருளுக்கு எத்தனை நிமிடம் தாங்கும்? மூன்றும் ஒரு நல்ல மாணவி கேட்கிற கேள்விதான், குறை சொல்வதாகாது. பதில் வராவிட்டால் கல்லூரியில் அவளைக் கவனிக்கும் ஆசிரியருக்கு எழுதச் சொல்லுங்கள், தேதியோடு. 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்களைக் காப்பதற்காக இருக்கிறது. தலைவலி தொடர்ந்தால் மருத்துவரிடம் போகும்போது பொருளின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். வெறும் தலைவலி என்றால் மாத்திரை தந்து அனுப்பிவிடுவார்.

வெஸ்ட்_கோஸ்ட்_அப்பா | வியாழன், இரவு 8:26

நன்றி சார். இப்போதே அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறேன்.

மென்படலம் | மூன்று வாரம் கழித்து, சனி, பகல் 12:15

எல்லாருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் தோல்வி. ஹெப்டேன்–எத்தனால் கரைசல் தொட்டியில் தெளிவாக இருந்தது. ஏர்பிரஷ்ஷில் ஊற்றி, நான்காவது தடவை அழுத்தியதும் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் முனையில் மெழுகு மாதிரி வெள்ளையாகக் கட்டியிருந்தது. அக்கா சொன்ன ஊசிச் சூட்டைக் கரைசலுக்கு மட்டும் செய்துவிட்டு முனையை விட்டிருந்தேன். ஏர்பிரஷ்ஷை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடிச் சிரிஞ்சை இளஞ்சூட்டுத் தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயால் சுற்றி, கையாலேயே கோடு கோடாக விட்டேன். மெதுவான வேலை. ஆனால் காற்றில் பரவும் புகை போன்ற தூசுத்துளி அறவே இல்லை. ஏர்பிரஷ் எவ்வளவு கரைப்பானைத் தேவையில்லாமல் ஊதித் தள்ளியது என்று அப்போதுதான் புரிந்தது.

செறிவையும் குறைத்தேன், ஒரு மில்லிலிட்டருக்கு 4.5 மில்லிகிராம். மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் காயவிட்டு. பிறகு ஒரு நாள் முழுக்க வெற்றிடத்தில். அப்புறம் 90 டிகிரி, பத்து நிமிடம், மூடிய அடுப்பிலேயே ஆறவிட்டேன். வெற்றிடத்துக்குப் பிறகு தவறாமல் இரண்டு தடவை எடை போட்டேன், இரண்டு எடைக்கும் வித்தியாசம் இல்லை என்ற பிறகே அடுப்பில் வைத்தேன். ஹெப்டேன் ஆவியோடு அடுப்பை மூட எனக்குப் பயம்.

ஃபில்டர் தட்டையாக இருக்கிறது. வளையம் இல்லை. விளக்குக்கு எதிரே பிடித்தால் பால் படிந்த கண்ணாடிபோல் ஒரே சீராகத் தெரிகிறது.

அகச்சிவப்பு நிறமாலையில் கொழுப்புச் சங்கிலியின் சிஹெச்2 உச்சி 2850 செமீ⁻¹க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. 1463, 1473 இரண்டும் பிரிந்து தெரிகின்றன. ஃபிரான்ஸ் செல் என்ற ஊடுருவல் அளக்கும் கலத்தில் 32 டிகிரியில் தியோஃபிலின் ஓட்டினேன். ஆறில் ஐந்து படலம் கை கோத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரே கோட்டில் போயின. ஒன்று மட்டும் விலகியது, அது நான் இடுக்கியால் கீறியது, கீறல் கண்ணுக்கே தெரிகிறது.

செராமைடு_அக்கா | சனி, பகல் 1:40

தம்பி, மனசு நிறைந்துவிட்டது. உச்சி 2850க்குக் கீழே என்றால் சங்கிலிகள் நேராக நிற்கின்றன. 1463, 1473 பிரிவு இருந்தால் நெருக்கமான ஆர்த்தோராம்பிக் அடுக்கு இருக்கிறது. உண்மையான தோலில் இருப்பதும் அதுவே.

எக்ஸ்-கதிர் கிடைத்தால் 3.4 நானோமீட்டரில் உச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொலஸ்ட்ரால் கொஞ்சம் தனியாகப் படிந்திருக்கிறது. இருந்தாலும் பதற வேண்டாம், இந்த மாதிரிப் படலங்களில் அது சகஜம். எவ்வளவு என்பதை மட்டும் எழுதி வையுங்கள். தோலில் இருக்கும் 13 நானோமீட்டர் நீள அடுக்கு இப்போது வராது. அதற்கு ஈஓஎஸ் என்ற மிக நீளச் சங்கிலி வகைச் செராமைடு சேர்க்க வேண்டும்.

கிளமெண்டி_வாசி | சனி, பகல் 2:22

அண்ணா, பழைய எண்களோடு ஒப்பிட ஒரு தடவையாவது குளோரோஃபார்மில் செய்ய வேண்டாமா? கட்டுரைக்கு அனுப்பினால் மதிப்பீட்டாளர் கேட்பாரே.

ஜூரோங்_ரசாயனி | சனி, பகல் 3:05

வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவர் கேட்பார் என்பதற்காக அந்தப் பாட்டிலை மறுபடி திறக்க வேண்டுமா?

செராமைடு_அக்கா | சனி, மாலை 4:30

இதில் எனக்கு உங்களோடு முழு உடன்பாடு இல்லை சார். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த மாற்றத்தை மற்ற ஆய்வகங்களும் செய்ய வேண்டுமென்றால் பக்கத்தில் பக்கமாக வைத்த ஒரு ஒப்பீடு வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ஹெப்டேன் படலம் வேறு, எங்கள் படலம் வேறு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே ஒரு தடவை, சிலிக்கான் தகடு மேல், பாலிகார்பனேட் இல்லாமல். மொத்தக் கரைசல் ஒரு மில்லிலிட்டர் போதும். சிரிஞ்சில், இறக்கிய கண்ணாடிக்குப் பின்னால், லேமினேட் கையுறையோடு. அகச்சிவப்பு நிறமாலையை மட்டும் ஒப்பிடுங்கள், ஊடுருவல் தேவையில்லை. அனுபவம் உள்ளவர் செய்யட்டும். மாணவி அந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஜூரோங்_ரசாயனி | சனி, மாலை 5:12

ஒரு மில்லிலிட்டர், ஒரு தடவை, புதுப் பாட்டில், இவர் கையால். சரி, இந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். மிச்சப் பாட்டிலை அன்றைக்கே கழிவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மென்படலம் | ஞாயிறு, இரவு 8:48

அப்படியே செய்கிறேன் சார். பழைய பாட்டில்கள் மூன்றும் வெள்ளிக்கிழமையே போய்விட்டன, பீப்பாய்மேல் சதவீதம் எழுதித்தான் கொடுத்தேன். ஸ்டாண்டின் காலையும் அறுத்தாயிற்று, இப்போது ஹூட் கண்ணாடி குறியிட்ட கோடுவரை இறங்குகிறது.

பயிற்சி மாணவி திங்கள் காலை வருகிறாள். முதல் நாள் கொழுப்பு ஒன்றும் தரப்போவதில்லை. இரண்டு புது ஃபில்டர், ஹெப்டேன்–எத்தனால் ஒரு சொட்டு, அதோடு நான் எடுத்து வைத்த அந்தச் சுருண்ட குளோரோஃபார்ம் ஃபில்டர், மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.

அக்கா, ஈஓஎஸ் செராமைடு ஐந்து மில்லிகிராம்தான் வாங்க முடிந்தது, விலை அப்படி. அது 40 டிகிரியில் ஹெப்டேன்–எத்தனாலில் முழுக்கக் கரையுமா?

செராமைடு_அக்கா | ஞாயிறு, இரவு 9:17

ஐந்து மில்லிகிராமையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். அரை மில்லிகிராமைச் சிறிய குப்பியில் எடுத்து முதலில் 40இல் பாருங்கள். மங்கலாக இருந்தால் 50க்கு ஏற்றுங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும். தெளிந்ததும் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே இரண்டு நிமிடம் வைத்து மறுபடி மங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் சிரிஞ்ச் எந்தச் சூட்டில் ஓட வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.